குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம்

அலுவலகத்தில் என்னை என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அப்பா இறந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் தெற்கு லண்டனில் ஒரு சுகாதார அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் அவரிடம் தினமும் தேநீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னால் இருந்தது, என் பெயர் பின்னால். நான் வந்து இறங்கிய அன்று குடிவரவு மேசையில் இருந்தவர் முன்னால் நின்றதை என் பெயர் என்றும் கடைசியில் நின்றதைக் குடும்பப் பெயர் என்றும் எழுதிவிட்டார். அந்தப் பிழை பிறகு வங்கிக்கும் கவுன்சிலுக்கும் வேலைக்கும் என்னோடு கூடவே வந்தது. முதல் இரண்டு வருடம் திருத்தச் சொல்லிக் கடிதம் எழுதினேன். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. எனக்கு நடந்ததை நானே இன்னொருத்திக்குச் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப என்னால் முடியாது.

பன்றிக்காய்ச்சல் வந்த வருடம் அது. சமூகச் சுகாதாரப் பணியாளர் என்று என் அடையாள அட்டையில் போட்டிருந்தது. உள்ளபடி சொன்னால் துண்டுப்பிரசுரம் சுமக்கிற வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தத்தை நீட்டுவார்கள், அதையும் கடைசி நாளில்தான் சொல்வார்கள். என் மேலாளர் நல்ல மனுஷி, எந்நேரமும் ஓட்டத்திலேயே இருப்பவர். லத்தீன் அமெரிக்கச் சனங்களிடம் நோயைப் பற்றி எடுத்துச் சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டினார். ஸ்பானிய மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாதே என்றேன். புலம்பெயர்ந்தவர்களின் மனம் உனக்குத் தெரியும்தானே என்று சிரித்தார். வேறு ஆள் இல்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

மொழிபெயர்க்க ஒருவரைத் தந்தார்கள். கொலம்பியாக்காரி, அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஊரில் இருபது வருடம் தாதியாக இருந்தவர். இங்கே விடியற்காலையில் ஒரு கட்டிடத்தின் கழிவறைகளைக் கழுவிவிட்டு, மிச்ச நேரத்தில் மணிக்கணக்கில் எங்களுக்கு மொழிபெயர்த்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அர்த்தத்தைச் சொன்னதும் அவருக்கு அது பிடித்துப்போய், என்னையும் அக்கா என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டார். பதினைந்து வயது இளையவளை அப்படிக் கூப்பிடுவதில்லை என்று நான் திருத்தப் போகவில்லை. திருத்தாமல் விட்டதில் எனக்கு நிம்மதி தந்த பிழை அது ஒன்றுதான். நாங்கள் இரண்டு பேரும் கதைத்தது நொண்டி ஆங்கிலம். அந்த ஆங்கிலம் எனக்கு மறந்துவிட்டது. அவர் சொன்னதெல்லாம் எங்கள் பேச்சுத் தமிழிலேயே என் தலைக்குள் தங்கிப்போயிற்று, அப்படியே எழுதுகிறேன்.

எலிபன்ட் அண்ட் காசில் பகுதியில் அவர்களுடைய கஃபேக்கள், முடிவெட்டும் கடைகள், ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கினோம். எக்குவடோர், பொலிவியா, கொலம்பியா என்று வந்தவர்கள். அதிகாரிகள் வருவதற்கு முன் அலுவலகங்களைத் துடைத்துவிட்டுப் போகிறவர்கள். இருமும்போது டிஷுவால் வாயை மூடுங்கள், கையைக் கழுவுங்கள், காய்ச்சல் வந்தால் தனி அறையில் இருங்கள் என்று பிரசுரம் சொன்னது. தனி அறை என்ற இடம் வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். எட்டுப் பேருக்கு ஒரு கழிவறை உள்ள வீடுகள் அவை. சமையலறைக் கதவில் யார் எத்தனை மணிக்குச் சமைப்பது என்று அட்டவணை ஒட்டியிருக்கும். வந்த புதிதில் டூட்டிங்கில் நானும் அப்படி ஒரு வீட்டில்தான் இருந்தேன், எங்கள் நேரம் இரவு ஒன்பதிலிருந்து ஒன்பதரை. இருந்தும் தனி அறை என்று வாயால் சொல்லிவிட்டு, சொன்னதாகத் தாளில் சரி போட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. நோயாளி மருந்துக்கு வெளியே வரக்கூடாது. அவருக்காக ஒரு நண்பர் போய் எடுக்க வேண்டும், நோயாளியின் அடையாளத்தையும் தன்னுடையதையும் காட்ட வேண்டும். தேவாலய மண்டபத்தில் அக்கா இதை ஸ்பானிய மொழியில் சொன்னபோது முதலில் சிரித்தார்கள், பிறகு எந்த அடையாளத்தைக் காட்டுவது என்று கேட்டார்கள். பாதிப் பேருடைய கடவுச்சீட்டு உள்துறை அலுவலகத்தில் பதிலுக்காகக் காத்துக் கிடந்தது. டாக்டரிடம் பதிந்தால் அந்தப் படிவம் நேரே அங்கே போய்விடும் என்று பயந்து, பலர் டாக்டரிடமே பதியாமல் இருந்தார்கள். அந்தப் பயம் எனக்குப் புதிதல்ல. என் கணவர் எங்கள் அகதி வழக்கு முடியும்வரை எட்டு மாதம் பல்வலியோடு இருந்தவர். ஆகவே துண்டுப்பிரசுரம் கிடக்கட்டும், முதலில் இவர்களை ஒரு டாக்டரிடம் பதிய வைப்போம் என்று நானும் அக்காவும் முடிவு செய்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த சனத்தை மண்டபத்தில் மறித்தோம். அக்கா ஒரு மேசையில் இரத்த அழுத்தம் பார்த்தபடி பயந்தவர்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மற்ற மேசையில் படிவங்களோடு இருந்தேன். படிவம் நிரப்புவதில் நான் கெட்டிக்காரி. கோலியர்ஸ் வுட்டில் எங்கள் தெருவில் பாதிப் பேருடைய பெனிபிட், பள்ளிக்கூட, குடியுரிமைப் படிவங்கள் என் கையெழுத்தில்தான் போயிருக்கின்றன. கறுப்புப் பேனை, பெரிய எழுத்து, வெட்டுக்கொத்து இருக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு. வந்தவர்கள் கையில் இருந்த கடவுச்சீட்டுப் பிரதியை நீட்டினார்கள், நான் தலை நிமிராமல் எழுதினேன். பெயர்கள் நான்கு சொல் நீளம் இருந்தன. குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம்தான் இருந்தது. கடைசிச் சொல்லை அதில் போட்டேன், மிச்சத்தை மற்றக் கட்டத்தில் போட்டேன். கடைசியில் நிற்பதுதான் குடும்பப் பெயர் என்று இந்த நாடு எனக்கு நன்றாகப் படிப்பித்திருந்தது. அக்கா பத்தடி தள்ளித்தான் இருந்தார். நான் கேட்கவில்லை.

அன்று என் முன்னால் வந்து இருந்தவர்களில் ஒரு பொலிவியப் பெண்ணும் இருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ, வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. கணவன் அவளுடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான். நான் எழுதுவதை அவள் கவனமாகப் பார்த்தாள். ஒரு இடத்தில் அவள் விரல் அந்தக் கட்டத்தை நோக்கி எழும்பியது, பிறகு மடிக்குத் திரும்பிப் போய்விட்டது. அதை நான் கண்டேன். என் கையெழுத்தின் அழகைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

கோடை முடிந்து குளிர் தொடங்கியபின், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்கா போன் எடுத்தார். அந்தப் பெண்ணுக்கு விடியற்காலையிலிருந்து கடும் காய்ச்சல், இருமல், உடம்பெல்லாம் உளைவு. ஏழாம் மாதம் முடிகிற நேரம். கர்ப்பிணிகளுக்கு இந்தக் காய்ச்சல் பொல்லாதது என்று நான் மண்டபம் மண்டபமாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். டாக்டரின் இடத்துக்குப் போன் அடித்துக் காத்துக் கிடந்து ஒருவாறு ஆளைப் பிடித்தேன். டாக்டர் அவளோடு அக்கா மூலம் கதைத்து மருந்துக்கு அனுமதி தந்தார். கர்ப்பிணிகளுக்கு மாத்திரை இல்லை, மூச்சோடு உள்ளே இழுக்கும் மருந்து. கணவன் அனுமதித் தாளை எடுத்துக்கொண்டு மருந்து கொடுக்கும் இடத்துக்குப் போக வேண்டும், அவளுடைய அடையாளத்துக்கு பே ஸ்லிப் போதும் என்றார்கள். இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் அந்த மருந்தால் முழுப் பலன். அக்காவிடம் சொன்னேன், அக்கா அவனிடம் சொன்னார். என் வேலை முடிந்தது என்று நான் சப்பாத்தைக் கழற்றினேன்.

அடுத்த நாள் மோர்டனில் ஒரு சாமத்தியவீடு. கணவரின் ஒன்றுவிட்ட தங்கையின் மகள் பெரியபிள்ளையானதற்கு. போகாவிட்டால் வருடக்கணக்கில் சொல்லிக் காட்டுவார்கள். சேலை உடுத்தி, போனைக் கைப்பையில் போட்டு, கைப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்தேன். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஒருக்கால் அடித்துக் கேட்போமா என்று நினைத்தேன். அக்கா கேட்டிருப்பார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அக்காவுக்கு அன்று முழுக்கச் சுத்திகரிப்பு ஷிப்ட். நான் கேட்டிருப்பேன் என்று அவரும் இருந்துவிட்டார். களைத்துப்போன இரண்டு பொம்பிளைகள் ஒருவரை ஒருவர் நம்பியிருந்த கதை இது.

ஞாயிறு மத்தியானம் அக்கா போன் எடுத்தார்.

"ரெண்டு பேரும் பூசைக்கு வரேல்லை. போனும் வேலை செய்யேல்லை. நான் வீட்டை போறன், நீரும் வாரும்."

இன்றைக்கும் உமக்குச் சம்பளம் தருகிறார்களோ என்று என் கணவர் கேட்டார். அவர் நையாண்டியாகக் கேட்கவில்லை, நடந்து நடந்து வீங்கியிருந்த என் காலைப் பார்த்துத்தான் கேட்டார். கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன்.

கேம்பர்வெல்லில் ஒரு அடுக்குமாடி, நான்கு குடும்பம் இருக்கும் வீட்டில் அவர்களுக்கு ஒரு அறை. அவள் கட்டிலில் தலையணைகளை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு வரவில்லையாம். ஒரு வசனத்தை ஒரே மூச்சில் அவளால் சொல்லி முடிக்க ஏலவில்லை. உதட்டின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. மருந்து எங்கே என்று கேட்டேன். கணவன் ஜன்னலோடு நின்று தெருவைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினான்.

அவன் துண்டு துண்டாகச் சொல்ல அக்கா எனக்கு மொழிபெயர்த்தார். வெள்ளி பின்னேரமே போயிருக்கிறான். மேசையில் இருந்த பெண் அனுமதித் தாளையும் பே ஸ்லிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாளாம். குடும்பப் பெயர் பொருந்தவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு பே ஸ்லிப்போடு உள்ளே போனாளாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் டெலிபோனில் பேசுவதை இவன் கண்டிருக்கிறான். போலீசுக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, மேசையில் கிடந்த அனுமதித் தாளை எடுத்துக்கொண்டு நழுவி வந்துவிட்டான். பே ஸ்லிப்பில் இரண்டு பேரும் வேலை செய்யும் இடத்தின் விலாசம் இருந்தபடியால் அடுத்த நாள் வேலைக்கும் போகவில்லை. போனை நிற்பாட்டி வைத்துவிட்டு, கதவு தட்டும் சத்தத்துக்காக இரண்டு பேரும் இரண்டு நாள் காத்திருந்திருக்கிறார்கள். மேசையில் இருந்த அந்தப் பெண் டாக்டரின் இடத்துக்குத்தான் அடித்துக் கேட்டிருப்பாள். ஐந்து நிமிடம் நின்றிருந்தால் மருந்து கையில் வந்திருக்கும். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவன் இடத்தில் நான் நின்றிருந்தாலும் ஓடித்தான் இருப்பேன்.

சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்திருந்த தாளை அக்காவிடம் கொடுத்தான். அக்கா விரித்து வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது அவவின்ட தாயின்ட பெயரெல்லோ. இதை ஆர் எழுதினது?"

நான்தான் என்றேன். மண்டபத்தில் நான் நிரப்பிய படிவத்தில் இருந்த பெயரைத்தான் டாக்டரின் இடத்தில் அப்படியே தாளில் போட்டிருந்தார்கள்.

அவர்கள் வழக்கம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர். முதலில் தகப்பனிடமிருந்து வந்தது, அடுத்தது தாயிடமிருந்து வந்தது. வேலையிடத்திலும் வங்கியிலும் முதலாவதுதான் நிற்கும். நான் கடைசியில் நின்ற தாயின் பெயரைக் கட்டத்துக்குள் போட்டு, தகப்பன் பெயரை அவளுடைய சொந்தப் பெயரோடு ஒட்டிவிட்டிருந்தேன். குடிவரவு மேசையில் அந்த மனிதர் எனக்குச் செய்த அதே வேலை. அவராவது அன்றைக்கு ஏதோ களைப்பில் செய்திருப்பார். நான் பெருமையோடு செய்தேன்.

அம்புலன்சுக்கு அடிக்கப் போனை எடுத்தேன். கணவன் ஓடிவந்து போனின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினான். பெயர் கேட்பார்கள், எந்தப் பெயரைச் சொல்வது என்று கேட்டான். கட்டிலில் அவள் மூச்சை எண்ணி எண்ணி இழுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அக்காவிடம் சொன்னேன், இதை ஒரு சொல் விடாமல் அவனுக்குச் சொல்லுங்கள் என்று.

"என்னை வேலையிடத்திலை கூப்பிடுற பெயர் என்ர அப்பான்ர. பதினாலு வருசமா என்ர எல்லாக் கடுதாசியிலையும் பிழை. ஒருத்தரும் வந்து என்னைப் பிடிக்கேல்லை. இந்தப் பிழை உங்கட இல்லை, நான் விட்டது. ஆரும் கேட்டால் என்னைக் காட்டி விடுங்கோ."

அக்கா நேரம் எடுத்துச் சொன்னார். அவன் கையை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் அவளை நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள், அன்றிரவே மூச்சுக்கு இயந்திரம் பூட்டினார்கள். நான்காம் நாள் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. ஏழு கிழமை முந்தி வந்தவள், இரண்டு சீனிப் பைக்கட்டின் பாரம்கூட இல்லை. தாய் பத்தொன்பது நாள் பிள்ளையின் முகம் காணாமல் கிடந்தாள். வெள்ளிக்கிழமையே மருந்து கிடைத்திருந்தாலும் இப்படி வந்திருக்கலாம், ஒன்றும் சொல்ல ஏலாது என்று ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா உண்மையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மேலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். யாருக்கும் வரக்கூடிய பிழைதான் என்று என் தோளைத் தொட்டு, கடைசியில் அப்பாவின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். பிழையைப் பதிய ஒரு படிவம் தந்தார். அதிலும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. அவர்கள் வைத்திருக்கிற பெயரையே எழுதிக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நிரப்பிய மற்றப் படிவங்களிலும் அதே பிழை இருந்தது. நானும் அக்காவும் வீடு வீடாகப் போய்த் திருத்தினோம். சில வீடுகளில் கதவு திறக்கவில்லை, கதை பரவியிருந்தது. அக்கா இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் பஸ் தரிப்பில் நிற்கும்போது கேட்டார்.

"நான் பக்கத்திலைதானே நிண்டனான். ஏன் என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை?"

எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன், அதுதான் உண்மையான பதில். பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் எழுந்து உட்கார்ந்து சூப் குடிக்கத் தொடங்கியபின் மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்காவும் வந்தார். வெறுமனே மன்னிப்பு என்று சொல்ல எனக்கு வரவில்லை. என் வழக்கப்படி விளக்கம் சொல்லத் தொடங்கினேன். பையில் கிடந்த ஒரு துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில் கட்டம் கீறி, இங்கே குடும்பப் பெயருக்கு இவ்வளவு இடம்தான், இரண்டு பெயர் இருந்தால் யார் எதை எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது, அதில்தான் நான் பிழை விட்டேன் என்று காட்டினேன். அவள் ஒரு பிள்ளை பாடம் கேட்பதுபோலக் கேட்டாள். அந்தத் தாளைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். கொடுத்தேன்.

பிள்ளையின் பிறப்பைப் பதியப் போகும்போது எங்கள் இரண்டு பேரையும் வரச் சொன்னாள். என் ஒப்பந்தம் முடிய ஒரு கிழமை இருந்தது, இந்த முறை நீட்டப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். பதிவு அலுவலகத்தில் பிள்ளை என் மடியில் நித்திரை. பதிவாளர் அவசரப்படாத மனிதர். பிள்ளையின் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். தாய் கணவனுடைய பெயர் ஒன்றை மட்டும் சொன்னாள். அக்கா திடுக்கிட்டு ஏதோ கேட்டார், அவள் தலையாட்டி மறுத்தாள். உன் பெயர் எங்கே, பிள்ளைக்குத் தாய் இல்லையா என்று கேட்டதாக அக்கா பிறகு எனக்குச் சொன்னார். இரண்டு பெயரும் வைக்கலாம், அதற்கு இடம் இருக்கிறது என்று நானும் குறுக்கிட்டுச் சொன்னேன். பதிவாளரும் ஓம் வைக்கலாம் என்றார். அவள் கணவனை ஒருக்கால் பார்த்தாள். ஒன்று போதும் என்றாள்.

பதிவாளர் எழுதியதை அவள் விரலை வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். இந்த முறை விரல் பின்வாங்கவில்லை.

வெளியே படியில் நின்று பிள்ளையை என்னிடமிருந்து வாங்கினாள். கோட்டுப் பையிலிருந்து அந்தத் துண்டுப்பிரசுரத்தை எடுத்து, நான் கீறிய கட்டத்தைக் காட்டி அக்காவிடம் ஏதோ சொன்னாள். அக்கா சொல்லத் தயங்கினார். சொல்லும்படி அவள் அவர் கையைத் தட்டினாள்.

"நீர் கீறிக் காட்டினபடியால்தான் தனக்கு விளங்கினதாம். இவள் ஒரு நாளைக்கு மருந்து எடுக்கப் போனால், பெயர் பொருந்தேல்லை எண்டு ஒருத்தரும் இவளை நிப்பாட்டி வைக்கக் கூடாதாம்."

அவள் முகத்தில் குறை சொல்லும் சாயலே இல்லை. என் கையைப் பிடித்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.